தூக்க வியாபாரம்

எங்கள் காப்பகத்துக்கு அடித்த நோட்டீஸில் பதினான்கு வசதிகள் வரிசையாக இருக்கின்றன. ஆங்கிலப் பாட்டு, தமிழ்க் கதை, மணல் தொட்டி, வண்ணம் தீட்டுதல், சத்தான சிற்றுண்டி, கண்காணிப்புக் கேமரா, யோகா. (இரண்டரை வயதுக்காரர்களின் யோகா என்பது குப்புறப் படுத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவனின் காலைப் பிடித்து இழுப்பது.) பதினைந்தாவதாக ஒன்று உண்டு, அதை அச்சடிக்கவில்லை. மதியம் ஒன்றேகால் முதல் இரண்டே முக்கால் வரை அத்தனை பேரையும் தூங்க வைப்பது. உள்ளே வந்து பார்த்தால் தொழிலே அதுதான். மற்ற பதினான்கும் அதற்கான முன்னேற்பாடு, அல்லது அது நடக்காமல் போனதன் பின்விளைவு.

பல்லாவரத்தை ஒட்டிய பம்மலில், எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் காப்பகம் நடக்கிறது. மாடியில் நாங்களும் என் மாமியாரும். ஆறு மாதக் கைக்குழந்தை முதல், பள்ளிக்கூட வேனில் வந்து இறங்குகிற எல்.கே.ஜி. பெரியவர்கள் வரை மொத்தம் இருபத்திரண்டு பேர். பார்த்துக்கொள்ள நான், ஒரு டீச்சர், இரண்டு ஆயாம்மாக்கள். பெற்றோரில் ஒருவர் தாம்பரம் மெப்ஸில் லைன் சூப்பர்வைசர், ஒருவர் குரோம்பேட்டையில் நர்ஸ், இரண்டு பேருக்கு விமான நிலையத்தில் ஷிப்ட். மீதிப் பேர் காலையில் ரேடியல் ரோடு வழியாக ஓ.எம்.ஆருக்குப் போய், மாலையில் அதே ரேடியல் ரோட்டில் நின்றுகொண்டு “பக்கத்துல வந்துட்டோம் மேடம்” என்று மெசேஜ் அனுப்புகிறவர்கள். பிள்ளைகளின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. எங்கள் சமையலறையில் புழங்கும் பட்டப்பெயர்கள் போதும். அவை பெற்றோருக்குத் தெரியாது என்பது கூடுதல் வசதி.

காலை எட்டரை மணி அழுகையைப் பற்றித்தான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். அது ஒன்றுமே இல்லை. வாசலில் வீறிட்டுக் கத்தும் குழந்தை, அம்மாவின் ஸ்கூட்டி தெருமுனை திரும்பியதும் மூக்கை என் புடவையில் துடைத்துவிட்டு விளையாடப் போய்விடும். ஸ்கூட்டியில் போன அம்மாதான் ஸ்டேஷன் வரை அழுதுகொண்டு போவார். அவருக்கு ஒரு போட்டோ அனுப்பினால் சரியாகிவிடும். எதிர்வீட்டுக் காருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கிற அப்பாக்கள்தான் தொல்லை. பிள்ளை அவரைப் பார்த்துவிடும், அழுகை முதலிலிருந்து ஆரம்பமாகும்.

கைக்குழந்தைகள் விஷயம் வேறு. 2017இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தி முதல் இரண்டு குழந்தைகளுக்குச் சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு என்றார்கள். உலக சுகாதார நிறுவனமோ ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்கிறது. அம்மாவின் விடுப்பு முடிவதும் பிள்ளைக்குக் கஞ்சி ஆரம்பமாவதும் ஏறக்குறைய ஒரே வாரம். கூழ் குடிக்கத் தெரியாத பிள்ளை, ஊட்ட வேண்டிய அம்மா இல்லாத இடத்தில், முன்பின் தெரியாத ஆயாம்மாவின் மடியில் உட்கார்ந்து கேழ்வரகை எங்கள் மேல் துப்பக் கற்றுக்கொள்கிறது. அதே சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் காப்பகம் இருக்க வேண்டும், அம்மா ஒரு நாளில் நாலு தடவை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. அதற்கு வெகு முன்பே, 1948இன் தொழிற்சாலைச் சட்டம் முப்பது பெண்களுக்கு மேல் இருக்கும் ஆலையில் பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்றது. இந்த இரண்டும் எழுத்துப் பிசகாமல் நடந்தால் நான் கடையைக் கட்ட வேண்டியதுதான். இதுவரை அந்தக் கவலை எனக்கு வந்ததில்லை.

ஆகவே எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தட்டு முழுக்கத் தாய்ப்பால் பாட்டில்கள். வெளியில் நாலு மணி நேரம், உள்ளே நாலு நாள் என்பது கணக்கு. ஒவ்வொன்றிலும் பெயர், தேதி, எடுத்த நேரம். அந்தத் தட்டில் வேறு எதையும் வைக்கக்கூடாது என்று மாமியாரிடம் நான் சொன்ன நாளில் எங்கள் உறவில் ஏற்பட்ட விரிசல், தனிக் குளிர்சாதனப் பெட்டி வாங்கிய பிறகுதான் மூடியது.

பன்னிரண்டு மணிக்கு டிபன் பாக்ஸ்கள் திறக்கப்படும்போதே அன்றைய மதியத்தின் தலையெழுத்து எங்களுக்குத் தெரிந்துவிடும். அறிவியல் என்ன சொல்லுமோ, எங்கள் சமையலறைக் கணக்கு இது: பருப்பு சாதமும் நெய்யும் என்றால் படுத்து இருபது நிமிடம். தயிர் சாதம் என்றால் கடைசி வாயிலேயே தலை ஆட ஆரம்பிக்கும். சப்பாத்தி நடுத்தரம். நூடுல்ஸ் கொண்டுவந்தவன் தூங்கமாட்டான், தூங்கவும் விடமாட்டான். கேக் மிச்சம் இருக்கிறதென்று டிபனில் வைத்து அனுப்பும் பிறந்தநாள் மறுநாள்களில் ஆயாம்மா என்னிடம் லீவு கேட்டுப் பார்ப்பார்.

சாப்பாடு முடிந்து, வாய் கழுவி, ஒவ்வொருவரையும் கழிப்பறைக்கு அனுப்பி, “வரல” என்று சத்தியம் செய்தவனை மறுபடியும் அனுப்பி, அவன் நிஜமாகவே வரவில்லை என்று நிரூபித்துவிட்டுத் திரும்பி வந்து பாயில் படுத்ததும் “வருது” என்பதைக் கேட்டு, ஒருவழியாகப் பாய் விரிப்போம். பாய் விரிப்பதற்கு விதிகள் உண்டு. ஒருவன் தலை இருக்கும் இடத்தில் அடுத்தவன் கால் இருக்க வேண்டும். பேன் குதிக்காது, பறக்காது, நடந்துதான் போகும். தலையும் தலையும் ஒட்டினால் அதற்கு ராஜபாட்டை. தலை, கால், தலை, கால் என்று மாற்றிப் படுக்கவைத்தால் அது குழம்பும். பிள்ளைகளுக்கோ வேறு வசதி கிடைத்துவிடும்: எதிரில் இருப்பவனின் கால் கட்டைவிரலை எண்ணலாம், கிள்ளலாம், சாக்ஸைக் கழற்றலாம். ‘பொத்தான்’ என்று நாங்கள் அழைக்கும் பெண் அடுத்தவர் சாக்ஸ் கழற்றுவதில் நிபுணி. மாலையில் ஒற்றைச் சாக்ஸோடு வீட்டுக்குப் போகும் பிள்ளையின் பெற்றோர் வாட்ஸாப்பில் போடும் கேள்விக்குறிகளுக்கு அவள்தான் பொறுப்பு.

மிகச் சின்னதுகளுக்கு இரண்டு தூளி. கூரைக் கொக்கியில் பழைய வாயில் புடவை. நாகரிகமான தொட்டில் ஒன்று பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிவந்தேன். அதில் இப்போது டயப்பர் பைகள் தூங்குகின்றன. நூல் புடவைத் தூளிக்குள் போய்விட்டால் பிள்ளைக்கு வெளி உலகம் தெரியாது, நமக்கும் ஒரு கால் விரல் மட்டுமே தெரியும். அந்த விரல் அசைவது நின்றுவிட்டதா என்று பார்த்துத்தான் ஆட்டுவதை நிறுத்துவோம். அப்போது யாரும் மூச்சு விடக்கூடாது.

நடக்கத் தெரிந்தவர்களைத் தட்டித்தான் தூங்க வைக்க வேண்டும். தட்டுவது எளிதென்று நினைப்பவர்கள் என் டீச்சரைக் கேளுங்கள். குழந்தை வளர்ச்சியில் டிப்ளமோ படித்தவள். அவள் தட்டினால் பிள்ளை எழுந்து உட்கார்ந்து “என்ன மிஸ்?” என்று கேட்கும். பெரிய ஆயாம்மாவுக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்பு. வலக்கையால் ஒருவன் முதுகு, இடக்கையால் இன்னொருத்தி தொடை, நீட்டிய காலால் தூளிக் கயிறு, வாயில் வெற்றிலை இல்லாத குறைக்கு ஒரு முனகல் ராகம். மூன்று தாளம், மூன்று வேகம், ஒன்றோடொன்று மோதாது. “கை தட்டறது பிள்ளைக்குத் தெரியக்கூடாது மிஸ்ஸு. நிறுத்தினாத்தான் தெரியணும்” என்பார். அதனால்தான் நிறுத்துவதற்கே அவர் ஏழெட்டு நிமிடம் எடுத்துக்கொள்வார். தட்டின் கனம் குறைந்து, கை வெறுமனே முதுகில் கிடந்து, பிறகு கை முதுகுக்கு மேலே காற்றில் நிற்கும். எழும்போது முட்டி ‘படக்’ என்று சொடுக்கினால் அத்தனையும் வீண்.

நம் புலவர்கள் இதில் அனுபவசாலிகள் என்றே நினைக்கிறேன். பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் வைத்தார்கள் அல்லவா? காப்பு, செங்கீரை முடிந்து மூன்றாவதே தால். தாலாட்டுக்கென்று தனிப் பருவம், அதற்குப் பத்துப் பாட்டு. ஒரு பாட்டில் எந்தப் பிள்ளையும் தூங்காது என்று தெரிந்தவர்கள்தான் பத்து எழுதியிருக்க முடியும். பிறகு சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி. ஆண்பாலுக்குக் கடைசி மூன்று: சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்கல், சிறுதேர் உருட்டல். அடுத்த பிள்ளை கட்டியதை மிதிப்பது, தட்டில் கரண்டியால் அடிப்பது, வண்டியை ‘டுர்ர்’ என்று இழுத்துக்கொண்டு ஓடுவது. இந்த மூன்றையும் ஒரே சமயத்தில், சரியாக ஒன்றரை மணிக்கு, தால் பருவத்துக்காரர்களின் தலைமாட்டில் செய்கிறவன் எங்களிடம் இருக்கிறான். அவனுக்கு ‘ராத்திரி வாட்ச்மேன்’ என்று பெயர். மூன்றே கால் வயது. மதியத்தில் அவன் கண் மூடி யாரும் பார்த்ததில்லை.

தூங்காதவர்களைச் சத்தமில்லாமல் வைத்திருக்க ஒரு வழி புத்தகத்தில் படித்தேன். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்தவர். போர் மூண்டு, இத்தாலி எதிரி நாடாகிவிட, ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருக்கும்படி ஆயிற்று. அடையாறில் பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்கு வகுப்பெடுத்தார். எங்களிடமிருந்து அப்படியொன்றும் தூரமில்லை அடையாறு. அவருடைய மௌன விளையாட்டு பிரசித்தம்: பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள், ஆசிரியை தூரத்தில் நின்று ஒவ்வொரு பெயராகக் கிசுகிசுப்பார், பெயர் கேட்ட பிள்ளை பூனை நடையில் எழுந்து வரும். நானும் சமையலறை வாசலில் நின்று வாட்ச்மேனின் பெயரைக் கிசுகிசுத்தேன். “ப்ரெஸன்ட் மிஸ்!” என்று அவன் போட்ட சத்தத்தில் தூளியில் இருந்தவை இரண்டும் விழித்துக்கொண்டன. வாடகை வீட்டில், மெல்லிய சுவருக்கு இந்தப் பக்கம், தயிர் சாதத்துக்குப் பின் அவர் அதைச் செய்து பார்த்தாரா என்று புத்தகத்தில் இல்லை.

வெளிச் சத்தம் தனி அத்தியாயம். தலைக்கு மேல் விமானம் தாழ்ந்து போகும், ஜன்னல் கண்ணாடி அதிரும். ஒரு பிள்ளையும் அசையாது. பக்கத்து அறையில் யாராவது பிஸ்கட் உறையைப் பிரித்தால் ஆறு பேர் எழுந்து உட்காருவார்கள். காதுகளின் இந்தத் தேர்ந்தெடுப்பு எனக்கு இன்றுவரை புரியவில்லை. எங்கள் நான்கு பேரின் மதியச் சாப்பாட்டில் அப்பளம் கிடையாது. கேஸ் சிலிண்டர் பையனுக்கு வாசலில் நின்று கத்தக்கூடாது, கையை ஆட்ட வேண்டும் என்று பழக்கியிருக்கிறோம். மாடியில் குக்கர் ஒன்றேகாலுக்கு முன் மூன்று விசில் விட்டுவிட வேண்டும். இல்லையென்றால் அன்று சாம்பாரில் பருப்பு வேகாது.

குட்டி யானை வண்டியில் வெங்காயம் விற்கிறவர்தான் கடைசிவரை மசியவில்லை. பதிவுசெய்த குரல், ஐந்து கிலோ நூறு ரூபாய், தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. கெஞ்சிப் பார்த்தேன். “என் வயித்துப் பொழப்பும்மா” என்றார். அதுவும் நியாயம். கடைசியில் ஓர் உடன்பாடு: எங்கள் வீட்டுக்கு முன்பும் பின்பும் நாலு வீடு ஸ்பீக்கரை அணைத்துவிடுவார், பதிலுக்கு வாரா வாரம் நான் ஐந்து கிலோ வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் வெங்காய சாம்பார், வெங்காயக் குழம்பு, வெங்காயப் பச்சடி, வெங்காய ஊத்தப்பம் என்று சுழற்சி முறையில் வருவதன் காரணம் தெரியாமல் உறவினர்கள் என்னைச் சிக்கனக்காரி என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஆடி மாதத்துக்கு உடன்பாடு கிடையாது. தெருக்கோடி அம்மன் கோயிலில் கூழ் வார்க்கும் வாரம் எங்கள் காம்பவுண்டை ஒட்டிய கம்பத்தில்தான் குழாய் ஒலிபெருக்கி கட்டுவார்கள். சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா என்று விழாக் குழுவில் கேட்டேன். “உங்க பிள்ளைங்க நல்லா இருக்கணும்னுதானே மேடம் பாட்டே போடறோம்” என்றார் பெரியவர். அதற்கு மேல் என்ன பேச? ஆடி முடிவதற்குள் எங்கள் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டு மறந்து அம்மன் பாட்டு மனப்பாடமாகியிருக்கும், கரகம் வைத்து ஆடுவது உட்பட. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் இரண்டு வரை மின்சாரம் இருக்காது என்று பேப்பரில் வருகிற நாள் இன்னொரு ரகம். இன்வெர்ட்டர் பன்னிரண்டரை வரை தாங்கும். அதன்பின் நான்கு பெரியவர்களும் நான்கு மூலையில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீச வேண்டியதுதான். மழை நாள்தான் எங்களுக்குத் தீபாவளி. குளிர்ந்த காற்றில் மூன்றரை வரைக்கும் தூங்குவார்கள். ஆனால் அன்றைக்குத்தான் ரயில் நிற்கும், ஜி.எஸ்.டி. ரோடு நிற்கும், இரவு எட்டரைக்கு நனைந்துபோய் வந்து சேரும் பெற்றோரின் கையில், நன்றாகத் தூங்கி எழுந்து முழுத் தெம்பில் இருக்கும் பிள்ளையை ஒப்படைப்போம். அவர்கள் முகத்தில் அப்போது தோன்றுவது நன்றி என்று சொல்ல முடியாது.

இங்கேதான் அரசியல் வருகிறது. எங்கள் பெற்றோரில் இரண்டு கட்சிகள். “மேடம், மதியம் நல்லா தூங்க வைங்க” கட்சி. “மேடம், தயவு செஞ்சு மதியம் தூங்க வைக்காதீங்க” கட்சி. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரம், மூன்றிலிருந்து ஐந்து வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று 2016இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ சங்கம் சொன்ன அட்டவணையைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இரண்டு கட்சியும் அதையே தங்களுக்குச் சாதகமாகப் படிக்கும். சிக்கல் என்னவென்றால் அந்தக் கணக்கில் மதியத் தூக்கமும் சேர்த்தி. ஒரு பாக்கெட் பாலை இரண்டு குடித்தனம் பங்குபோடுகிற கதை. நாங்கள் ஒன்றரை டம்ளர் எடுத்துக்கொண்டால் அவர்களுக்கு ராத்திரியில் அவ்வளவு குறையும். ஒன்பது மணிக்குப் பிள்ளை தூங்கினால்தான் சமையல் மேடையைத் துடைத்து, மிச்ச மெயிலுக்குப் பதில் போட்டு, பதினோரு மணிக்காவது அந்த அம்மா படுக்க முடியும். அதே வீட்டில் ஒன்பதரைக்கு வந்து சேரும் அப்பாவுக்கோ பிள்ளை விழித்திருந்து ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டும். காலையில் அம்மா ஒரு கட்டளை கொடுப்பார், பதினொரு மணிக்கு அப்பா போன் செய்து மாற்றுக் கட்டளை கொடுப்பார். நான் இருவருக்கும் “சரிங்க” என்று சொல்லிவிட்டுப் பிள்ளையின் கண்ணைப் பார்ப்பேன். அது சொருகிக்கொண்டிருந்தால் பாய், இல்லாவிட்டால் படப் புத்தகம். எந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையையும் நான் நிறைவேற்றியதில்லை.

தூங்காத பிள்ளையால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் நாலரை மணிக்கு வந்து பார்க்க வேண்டும். அப்போதுதான் கடி நடக்கும். பேச்சு முழுதாக வராத வயதில் கடிப்பது சகஜம், தூக்கம் கெட்டால் இன்னும் சகஜம். கடித்தது யார் என்று கடிபட்டவர் வீட்டில் சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். “சக குழந்தை ஒன்றால் இடது முழங்கையில் லேசான பல் தடம், ஐஸ் வைத்தோம்” என்று எழுதி அனுப்புவோம். ஓர் அம்மா மறுநாள் காலை வாசலில் நின்றுகொண்டு, வருகிற பிள்ளைகளையெல்லாம் பார்த்து அன்பாகச் சிரித்தார். பதிலுக்கு அவையும் சிரித்தன. முன்பல் இடைவெளியை அவர் அளந்துகொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. கடித்தவனின் அம்மாவை ரகசியமாக அழைத்துச் சொன்னபோது அவர் நிஜமாகவே யோசித்துவிட்டு, “எங்க வீட்ல யாருமே கடிக்க மாட்டாங்களே மேடம்” என்றார்.

கேமராவைப் பொருத்தியது பெற்றோரின் நிம்மதிக்காக. செல்போனிலேயே பார்க்கலாம் என்பதால் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் பாதிப் பேர் அதைத்தான் பார்க்கிறார்கள். ஒன்று ஐம்பதுக்கு, கடைசிப் பிள்ளையும் அடங்கி, நாங்கள் சோற்றில் கைவைக்கும் நேரம் போன் அடிக்கும். “மேடம், பாப்பா போர்வையை உதைச்சுட்டா.” போன் அடித்ததில் பாப்பா எழுந்துவிட்டாள் என்பதையும் அவரே நேரலையில் பார்த்துச் சொல்வார்.

எனக்கு இந்தத் தொழிலில் குரு என்றால் தெருமுனை அங்கன்வாடிப் பணியாளர். 1975 அக்டோபர் 2இல் ஆரம்பித்த ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் முளைத்தவை அங்கன்வாடிகள். 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவும் அங்கே வந்து சேர்ந்தது. கலவை சாதமும் முட்டையும் சாப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் பாயில் சாயும் நேரத்தில்தான் அந்தம்மாவின் நிஜ வேலை ஆரம்பிக்கும். எடை, உயரம், வருகை எல்லாவற்றையும் போஷன் டிராக்கர் செயலியில் ஏற்ற வேண்டும். சிக்னல் கிடைப்பது வாசற்படியில் மட்டும். அங்கே நின்று போனை வானத்துக்குத் தூக்கிக்கொண்டே ஒரு காலால் தூளியை ஆட்டுவார். “உங்களுக்காவது ஃபீஸ் வருது மேடம்” என்று ஒரு நாள் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை.

சிரிக்க முடியாத ஒரு விஷயமும் இந்த ஒன்றரை மணி நேரத்தில் இருக்கிறது. இருபது பிள்ளைகள் தரையில் தூங்கும்போது நான் உட்காருவது இரண்டாவது கதவுக்குப் பக்கத்தில். அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது, அதன் முன்னால் ஒரு செருப்புகூடக் கிடக்க விடமாட்டேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளிக்கூடத் தீயில் 94 பிள்ளைகள் கருகிப்போனார்கள். எங்கள் சமையல் மாடியில் நடப்பதும், கீழே கூரையென்று ஓலை ஒரு துண்டுகூட இல்லாததும், தீயணைப்பான் காலாவதித் தேதியை ஆயாம்மாவும் மனப்பாடமாக வைத்திருப்பதும் அதனால்தான். அனுமதி பார்க்க வருகிற அதிகாரிகள் கேட்பார்கள் என்பதற்காக அல்ல. அவர்கள் எப்போதும் தூங்கும் நேரத்தில்தான் வருகிறார்கள் என்பதும், “பிள்ளைகளுக்கு ஆக்டிவிட்டி ஒண்ணும் கிடையாதா?” என்று கணீர்க் குரலில் கேட்டு உடனடியாக இருபது ஆக்டிவிட்டியை உண்டாக்கிவிட்டுப் போகிறார்கள் என்பதும் வேறு கதை.

போன ஜூனில் கட்டணத்தை ஐந்நூறு ரூபாய் ஏற்றினேன். ராத்திரி வாட்ச்மேனின் அப்பா ஓர் எக்ஸல் தாள் அனுப்பினார். காப்பக நேரம் ஒன்பது மணி, அதில் தூக்கம் ஒன்றரை மணி, மாதத்துக்கு இருபத்திரண்டு நாள், ஆக முப்பத்து மூன்று மணி நேரம் ‘சேவை வழங்கப்படாத நேரம்’, அதைக் கழித்தால் வர வேண்டிய தொகை இவ்வளவு என்று மஞ்சள் கட்டத்தில் போட்டிருந்தார். கூட்டல் கழித்தல் எல்லாம் சரியாக இருந்தது. ஆபீஸிலிருந்து போன் செய்து மரியாதையாகவே விளக்கினார்: “தூங்கும்போது நீங்க ஒண்ணும் செய்யறதில்லையே மேடம்?”

அவர் பிள்ளை அந்த ஒன்றரை மணி நேரமும் தூங்குவதே இல்லை, ஆகவே அவர் கணக்குப்படியே பார்த்தாலும் கழிவு பூஜ்யம்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “ஒரு நாள் லீவு போட்டு வாங்க சார். அந்த நேரத்துல உங்க பையனை நீங்களே பார்த்துக்குங்க, அன்னிக்குக் கழிச்சுக்கலாம்” என்றேன். வந்துவிட்டார்! இஸ்திரி போட்ட சட்டை, கையில் தண்ணீர் பாட்டில், ஏதோ தணிக்கைக்கு வந்த தோரணை. ஷூவை வெளியே விடச் சொல்லி, பாக்கெட்டில் இருந்த சாவிக்கொத்தை வாங்கி வைத்து, போனை அணைக்கச் சொன்னோம். போனை அணைக்க மட்டும் கொஞ்சம் யோசித்தார். பெரிய ஆயாம்மா மூலையில் ஒரு கோரைப்பாயைக் காட்டினார். அப்பாவும் பிள்ளையும் எதிரெதிரே படுத்தார்கள், தலை கால் மாற்றி.

முதலில் கதை சொன்னார். வாட்ச்மேன் கதையில் சந்தேகம் கேட்டான். பிறகு தட்டினார். “வலிக்குது” என்றான். அடுத்து ஆபீஸ் பாணியில், “பத்து நிமிஷம் கண்ண மூடினா உனக்கு என்ன வேணும்னாலும் வாங்கித் தரேன்” என்றார். பேரம் ஜே.சி.பி. பொம்மையில் ஆரம்பித்து நிஜ ஜே.சி.பி. வரைக்கும் போனது எங்களுக்குச் சமையலறையில் கேட்டது. பேச்சு மெள்ள மெள்ளக் குறைந்தது. மின்விசிறிச் சத்தம் மட்டும். டீச்சர் என்னைப் பார்த்தாள், நான் ஆயாம்மாவைப் பார்த்தேன். சரித்திரத்திலேயே முதல் தடவையாக அந்த மூலை அடங்கியிருந்தது.

எட்டிப் பார்த்தோம். அப்பா மல்லாந்து, வாய் லேசாகத் திறந்து, சீராகக் குறட்டை. எந்த நாளைய பாக்கியோ! வாட்ச்மேன் அவர் தலைமாட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்து, பெரிய ஆயாம்மாவின் அதே மூன்றாவது தாளத்தில் அவர் நெற்றியைத் தட்டிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் விரலை வாயில் வைத்து, “சத்தம் போடாதீங்க, இப்பதான் அடங்கிச்சு” என்றான்.

இரண்டே முக்காலுக்கு எல்லாப் பிள்ளைகளும் எழுந்தன. இவர் எழவில்லை. இருபது பேர் பாயைச் சுருட்டி, அவரைத் தாண்டி ஓடி, ஒருத்தி அவருடைய சாக்ஸையும் கழற்றிக்கொண்டு போய்விட்டாள். மூன்றே முக்கால் ஆயிற்று. மாடியிலிருந்து பால் பாத்திரத்தை இறக்கிக்கொண்டு வந்த ஆயாம்மா அந்த மூலையைப் பார்த்தார்.

“மிஸ்ஸு, இவருக்கும் சேத்து ஆத்திடவா? சக்கரை போடலாமா, வீட்ல ஏதாவது சொல்லி அனுப்பிச்சாங்களா?”